கூறைப்புடவைக்கு முன்னால் நின்ற கறுப்பு நாய்

சனிக்கிழமை பின்னேரங்களில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போவது சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பதற்காகத்தான் என்று வீட்டில் நம்பினார்கள். எனக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதாகச் சாத்திரியார் சொல்லியிருந்தார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்களுடன் வசித்த மச்சாள், அதாவது என் கணவரின் மூத்த சகோதரி, அதைக் கேட்ட நாளிலிருந்து எள்ளைக் கறுப்புத் துணியில் பொட்டலமாகக் கட்டி, எண்ணெய்ப் போத்தலுடன் ஒரு பையில் போட்டு, சனிக்கிழமை தவறாமல் வாசற்கதவருகே வைத்துவிடுவார். வெள்ளவத்தையில் கோயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் நான் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் படிப்பித்தவள். அந்தக் கோயிலில்தான் மனம் ஒன்றும் என்று சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை.

அது முழுப் பொய்யும் அல்ல. வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால் நடந்து பஸ் பிடித்துப் போய், முதலில் கோயிலுக்குள் நுழைந்து பொட்டலத்தை எரித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். மிச்சப் பின்னேரம் முழுவதும் நான் எங்கே இருந்தேன் என்பதை அந்தப் பை மட்டுமே அறியும். எள்ளுப் பொட்டலத்துக்குக் கீழே, மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுச்சென்ற கமரா இருந்தது. அதற்கும் கீழே, பழைய தலையணை உறைக்குள், கணவரின் வெள்ளை வேட்டியும் என்னுடைய கல்யாணக் கூறைப்புடவையும் இருந்தன.

கோயிலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, முன்பு ஓர் அச்சகத்தின் களஞ்சியமாக இருந்த கட்டடத்தின் பின்வளவில், தெருவிலிருந்து எடுத்த நாய்களை ஒரு பெண் பராமரித்துவந்தார். என்னிடம் படித்த பிள்ளையொன்றின் தாய். காலையில் ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை. பின்னேரத்தில் நாய்களுக்குச் சோறு, மருந்து, கழுவல். தன் தொலைபேசியில் நாய்களைப் படமெடுத்து, வீடு தேடி முகநூலில் போடுவார். நெஞ்செலும்பு தெரிய, கட்டுப் போட்ட காலோடு, சீமெந்துத் தரையில் கிடக்கும் படங்கள். கண்ணீர்க் குறிகள் நிறைய வரும். நாயை எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

"இதுங்களப் பாவம்னு பாக்கிறாங்க டீச்சர், வேணும்னு பாக்க மாட்டேங்கிறாங்க," என்றார் ஒருநாள். "கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க அனுப்புற மாதிரி ஒரு படம் எடுத்துத் தாங்களேன்."

ஓய்வு பெற்ற பிறகு கமராவைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய வாசித்திருந்தேன். எடுத்துப் பார்க்கத்தான் ஏற்றதொரு விடயம் அமையவில்லை. கடலையும் தேரையும் எடுத்து அலுத்திருந்த எனக்கு அவருடைய வேண்டுகோள் பிடித்துப்போயிற்று.

மனிதரை இருத்தி எடுப்பதுபோல நாயை இருத்தி எடுப்பதென்று தீர்மானித்தேன். நாயின் கண்மட்டத்துக்கு எடுப்பவரின் கண் இறங்கவேண்டும் என்பது முதற்பாடம். அறுபதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அது இலகுவான பாடம் அல்ல. பின்னால் தொங்கவிட ஆழ்ந்த நிறத்தில் கனத்த துணி வேண்டியிருந்தது. கசங்காத, காற்றுக்கு எழும்பாத அரக்குநிறப் பட்டு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அலுமாரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் மடிப்பு மாறாமல் கிடந்த கூறை. அதை எடுத்தபோது எனக்குக் கை கூசியது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனாலும் எடுத்தேன். நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் மேலால் விழும் வெயிலை வேட்டியில் வாங்கி நாயின் முகத்துக்குத் திருப்புவோம். அந்தப் பெண் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, வாயால் பூனைபோலக் கத்துவார். நாய் தலையைத் திருப்பும் கணத்தில் நான் எடுப்பேன். ஒரு நல்ல படத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போகும். சில பின்னேரங்கள் வீணாகவும் போயின.

அவர் நாய்களுக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்தால் அனுப்ப மனம் வராது என்பார். கண்டெடுத்த இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். புறக்கோட்டைக்காரன், பாலத்தடியான், கிராண்ட்பாஸ்காரி. அவையும் அப்படிக் கூப்பிட்டால் வரும்.

படங்கள் வேலை செய்தன. கூறையின் அரக்குக்கு முன்னால், ஒரு பக்கம் ஒளிபட்டு நிமிர்ந்திருக்கும் நாயைப் பார்த்து ஆட்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். பௌர்ணமிக்கு வரும் ஒரு போயா விடுமுறையில் மாதா கோயில் மண்டபமொன்றில் படங்களைச் சட்டமிட்டு வைத்தோம். விற்றதில் வந்ததை மிருக வைத்தியரிடம் ஊசிகளுக்கும் கருத்தடைக்கும் கொடுத்தோம். படம் பொய் சொல்கிறதோ என்ற ஐயமும் எனக்கு அந்த நாட்களில்தான் வந்தது. பாமன்கடையிலிருந்து வந்து நாயொன்றைக் கூட்டிப்போன கனவான், இரண்டாம் கிழமை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். படத்தில் இருந்த நாய் இது இல்லையாம். படத்தில் இருந்தது ஞானிபோல இருந்ததாம். இது செருப்பைத் தின்கிறதாம். ஒரு கணம் நிமிர்ந்து இருந்ததை நான் எடுத்தேன்; மிச்ச நாளெல்லாம் அது நாயாகத்தானே இருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது பை வழமையைவிடப் பாரமாக இருந்தது.

கிராண்ட்பாஸ்காரி முழுக் கறுப்பு. ஒரு காது கிழிந்தது, மோவாயில் நரை, ஏழெட்டு வயது இருக்கும். கறுப்பு நாயைப் படமெடுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கமரா கறுப்பை நம்புவதில்லை. வெளிச்சம் போதாது என்று எண்ணிக்கொண்டு அதைச் சாம்பலாக்கிவிடும். கமராவின் கணக்கைப் புறக்கணித்து, ஒளியைக் குறைத்துக் குறைத்து, நாலு சனிக்கிழமைகள் தோற்று, ஐந்தாவதில் அந்தப் படம் கிடைத்தது. பக்கவாட்டில் நிற்கிறது, முன்கால்கள் ஊன்றி, கழுத்து உயர்ந்து, தலை சற்றே திரும்பி. முதுகின் வளைவில் ஒரு கோடாக வெயில். கண்ணில் ஒரு பொட்டு ஒளி. அது அவ்வளவு தீவிரமாகப் பார்த்தது எதை என்பது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டுமே தெரியும். அவருடைய சோற்றுப் பார்சல் மதிலின்மேல் இருந்தது. அன்றைக்கு மீன்குழம்பு.

அந்தப் படத்தைச் சட்டமிடக் காலி வீதியில் ஒரு கடையில் கொடுத்தேன். சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. எடுக்கப் போனபோது கடைக்காரர் அதைத் தர மனமின்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், உது அசல் வைரவற்றை வாகனம்தான். கடையில ஒண்டு கொழுவட்டோ? பின்னால ஒரு சூலமும் போட்டால் இன்னும் எடுப்பா இருக்கும்."

சூலம் வேண்டாம் என்றேன். கடைச் சுவரில் கொழுவச் சம்மதித்தேன். விற்கும் படங்களில் ஒரு பங்கு நாய்களின் ஊசிக்கு என்று பேசிக்கொண்டோம். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. எங்கள் சனத்துக்கு வைரவர் காவல் தெய்வம்; கறுப்பு நாய் அவர் அருகில் நிற்பது. ஆகவே கறுப்பு நாயை அடிக்கமாட்டார்கள், துரத்தமாட்டார்கள். வீட்டுக்குள் எடுக்கவும்மாட்டார்கள். இதை நான் முன்பே அறிந்திருக்கவேண்டியவள்.

ஜனவரியில் வருடம் பிறந்தபோது வளவின் உரிமையாளர், சித்திரைப் புதுவருடத்துக்கு முன் இடத்தை விடவேண்டும் என்று சொல்லியனுப்பினார். பழைய கட்டடத்தை இடித்து மாடி கட்டப்போகிறார். அவரில் பிழை இல்லை. இத்தனை காலம் வாடகையின்றி விட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தன் பிள்ளைகளோடு ஓர் அறைதான் இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நாய் போயிற்று. புறக்கோட்டைக்காரனை நீர்கொழும்பில் ஓர் ஆசிரியர் எடுத்தார். பாமன்கடையிலிருந்து திரும்பி வந்ததைக்கூட ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி மடியில் வைத்துக்கொண்டு போனார். கிராண்ட்பாஸ்காரிதான் போகவில்லை.

அதன் படத்தை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். கடைக்காரர் சின்ன அளவிலும் அச்சடித்தார். நாய் உயிரோடு இருக்கிறது, வீடு தேடுகிறது என்று படத்தின் பின்புறம் எழுதி ஒட்டினேன். பின்புறத்தை யார் பார்க்கிறார்கள்? தை பிறப்பதற்கு முந்திய சனிக்கிழமை பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அம்மா விசாரித்துக்கொண்டு வளவுக்கே வந்துவிட்டார். எங்களுக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் நாய்க்குச் சந்தனப் பொட்டு வைத்து, கொண்டுவந்த வடைமாலையைக் கழுத்தில் போட்டு, கைகூப்பி நின்றார். கிராண்ட்பாஸ்காரி தலையை வளைத்து முதல் வடையை எட்டிப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"சாமியை வீட்டில கட்டி வைக்கிறதே?" என்றார் அவர், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.

அவர் போன பிறகு அந்தப் பெண் மாலையைக் கழற்றி, உளுந்து வயிற்றுக்கு ஆகாது என்று மிச்சத்தைப் பறித்துக்கொண்டு, மதிலோடு சாய்ந்து இருந்தார். "கும்பிடுறதுக்கு வர்றாங்க டீச்சர். கூட்டிட்டுப் போக ஒரு நாதி இல்ல." நானும் பக்கத்தில் இருந்தேன். நாய் இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. படம் நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் நான் செய்த பிழை.

அன்று வீடு திரும்பிக் கால் கழுவிக்கொண்டு சாமியறைக்குள் போனேன். முருகனுக்கும் பிள்ளையாருக்கும் இடையில் கிராண்ட்பாஸ்காரி நின்றது. நெற்றியில் குங்குமம், சட்டத்தைச் சுற்றிச் செவ்வரளி. மச்சாள் யாரோ சிநேகிதியிடம் கேட்டு வாங்கியிருந்தார். வைரவர் வீட்டில் இருந்தால் சனியின் உக்கிரம் தணியுமாம், எனக்காகத்தான் வாங்கினாராம். "கண்ணைப் பாரும்," என்றார். "தெய்வப் பார்வை." மீன்குழம்பு நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். அந்த வயதில் ஒரு பொய்யை அவிழ்க்க வேண்டிய அளவு தென்பு என்னிடம் இருக்கவில்லை. மச்சாள் காலையும் மாலையும் அதற்கு விளக்கு வைத்தார். நான் வாரம் ஒருமுறை போய் அதற்குச் சோறு வைத்தேன். இப்படியே தை போய், மாசி போய், பங்குனியும் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. வளவில் அது தனியே கிடந்தது.

என் கணவர் சாமியறைக்குள் அதிகம் வருபவர் அல்லர். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு பத்திரிகை, வானொலி, நித்திரை என்று ஒடுங்கியிருந்தார். அவரை நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை விபூதி எடுக்க உள்ளே வந்தவர், மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும்," என்றார் மெல்ல. "உந்த நாய்க்குப் பின்னால தொங்கிறது உம்மட கூறையெல்லே?"

மச்சாள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோழியாக நின்று, அந்தக் கூறையை எனக்கு உடுத்திவிட்டவர் அவர்தான். மூன்று மாதம் அதன் முன்னால் கைகூப்பி நின்றும் அவருக்கு அது தெரியவில்லை.

ஓம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் எவ்வளவு நேரம், வளவு எவ்வளவு நேரம், பையில் என்னென்ன. கணவர் காணாமற்போன வேட்டியைப் பற்றி மட்டும் கேட்டார். மச்சாள் கேட்டவை வேறு.

"அப்ப உது எங்கத்தைய நாய்?"

"கிராண்ட்பாஸ். மீன்கடைக்குப் பின்னால கிடந்ததாம்."

"கடுவனோ?"

"பெட்டை, மச்சாள்."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். "உயிரோட இருக்கோ?" என்று கடைசியில் கேட்டார்.

இருக்கிறது என்றேன். புதுவருடத்துக்கு முன் வளவை விடவேண்டும், எடுக்க ஆளில்லை, தெருவில்தான் விடவேண்டிவரும் என்றும் சொன்னேன். அவர் தட்டைத் தூக்கி, வேறு கற்பூரம் ஏற்றிக் காட்டி முடித்தார்.

நாலு நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. படத்தைக் கழற்றுவார் என்று பார்த்தேன். விளக்கு வைத்த படத்தைக் கழற்றக்கூடாது என்பது அவருடைய முறை, கழற்றவில்லை. காலையும் மாலையும் முன்போலவே விளக்கு வைத்தார், கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"கிழமையில ஒருநாள்தானே நீர் போறனீர். மற்ற நாள் அதுக்குச் சாப்பாடு?"

அந்தப் பெண் கொடுப்பார் என்றேன்.

"மூண்டு மாசம் கும்பிட்டனான்," என்றார். "எனக்கு விசரெண்டு நீர் மனதுக்க சிரிச்சிருப்பீர். சிரியும். ஆனா, கும்பிட்டதைத் தெருவில விடுங்கோ எண்டு என்ர வாயால சொல்லமாட்டன். கூட்டிக்கொண்டு வாரும்."

நான் சிரித்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் போய்விட்டார்.

தொடர்மாடியில் நாய் வைக்கக்கூடாது என்பது நிர்வாகக் குழுவின் விதி. என் கணவர் கடிதம் எழுதலாம் என்றார். மச்சாள் சேலையை மாற்றிக்கொண்டு, குழுவின் செயலாளர் வசித்த கீழ்மாடிக்குத் தானே இறங்கினார். நானும் பின்னால் போனேன். கதவு திறந்ததும் உள்ளே கூடத்துச் சுவரில் அதே படம், மாலையோடு தெரிந்தது. மச்சாள் அதைப் பார்த்தார், பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"தம்பி, விளக்கு வைக்கிற கையால கதவைச் சாத்துவியளோ?"

விஷயம் முழுவதையும் கேட்ட அந்த மனிதர் திரும்பித் தன் சுவரைப் பார்த்தார். அவர் சாத்தவில்லை. லிஃப்டில் ஏற்றக்கூடாது, படியால்தான் கொண்டுபோகவேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

வளவைக் கையளிப்பதற்கு முதல்நாள் கிராண்ட்பாஸ்காரியை முச்சக்கர வண்டியில் கூட்டிவந்தேன். அந்தப் பெண் ஒழுங்கை முடிவு வரை கூட நடந்து வந்தார். "பேர் ஒண்ணும் வச்சிடாதீங்க டீச்சர், கிராண்ட்பாஸ்காரின்னாத்தான் திரும்பும்," என்றார். நாங்கள் வைக்கவில்லை. மூன்று மாடிப் படிகளையும் அது ஒவ்வொன்றாக மணந்து பார்த்து ஏறியது. மச்சாள் கதவடியில் நின்று மேலும் கீழும் பார்த்தார். படத்தில் உயரமாக இருந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் தயிர்ச்சோறுதான் என்று விதித்தார். அது தின்னாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் விட்டுக்கொடுக்கமாட்டார். சாமியறை வாசலைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி. அதை அது ஒருபோதும் மீறவில்லை. வாசற்படியில் மோவாயை வைத்துக்கொண்டு, உள்ளே தன் படத்துக்குப் பூசை நடப்பதைப் பார்த்திருக்கும்.

வைத்தியர் சொல்லி நடக்காத மனிதர் நாய்க்காக நடந்தார். காலையும் பின்னேரமும் மூன்று மாடி இறங்கி, ரயில் பாதை ஓரமாகக் கடற்கரை வரை. அவர் அதனோடு என்ன கதைத்தாரோ தெரியாது. நாங்கள் இல்லாத இடத்தில் கதைத்தார் என்று தேநீர்க் கடைக்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார். இரண்டு வருடங்கள் அப்படிப் போயின. ஒரு புரட்டாதிக் காலையில் நடந்து வந்து, கதிரையில் இருந்து, பத்திரிகையை விரித்தவர் அதற்குமேல் எழும்பவில்லை.

மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். வீடு முழுவதும் தேடினேன். தெருநாய்களை எத்தனையோ சனிக்கிழமை முழங்காலிட்டு, ஒளி பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தவள், அவரை ஒருநாளும் ஓரிடத்தில் இருத்தி எடுத்ததில்லை. கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைத்தான் பெருப்பித்துக் கொடுத்தோம். அதில் அவர் யாரையோ கண்டு மிரண்டவர்போல இருந்தார். செத்தவீட்டு முறைப்படி மச்சாள் அலுமாரியைத் திறந்து கூறையை எடுத்துவந்து என் தோளில் போர்த்தினார். அதன் கரையில் கறுப்பு உரோமம் ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதைக் கண்டார். தட்டிவிடவில்லை.

அந்தப் பெண் இப்போது வத்தளையில் மகளுடன் இருக்கிறார். இன்னும் எங்காவது ஒரு நாய்க்குச் சோறு வைத்துவிட்டு, படம் எடுக்க வரமுடியுமா என்று கேட்பார். முழங்கால் சம்மதிக்கும் நாட்களில் போகிறேன். பின்னால் தொங்கவிட இப்போது ஒரு பழைய திரைச்சீலையைக் கொண்டுபோகிறேன். ஏழரைச் சனி முடிந்துவிட்டதாம். மச்சாள் எள்ளுப் பொட்டலம் கட்டுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

நாயை இப்போது நான்தான் இறக்குகிறேன். இருவரும் படிக்குப் படி நின்று இளைப்பாறுகிறோம். பின்னேரங்களில் அது அவருடைய கதிரையின் கீழ் படுத்திருக்கும். மச்சாள் சாமியறையில் விளக்கை ஏற்றிவிட்டு வந்து அந்தக் கதிரைக்கு எதிரே அமர்வார். நான் தேநீர் கொண்டுவருவேன். வீட்டில் மச்சாள் இருக்கிறார், நான் இருக்கிறேன், கிராண்ட்பாஸ்காரி இருக்கிறாள்.